வெளிநாட்டிலிருந்து பொருள் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், மதுரை திருநகரில் எங்கள் வீட்டு வாசலில் கூரியர் ஊழியர் ஒருவர் கையளவு அட்டைப்பெட்டி ஒன்றோடு வந்து நின்றார். உள்ளே இருந்தது பழைய நுண்ணோக்கி ஒன்றுக்காக நான் வரவழைத்த ஒரே ஒரு பொருளருகு லென்ஸ். அதன் விலை நம் பணத்தில் 8,300 ரூபாய், அனுப்பும் செலவு 1,600 ரூபாய், காப்பீடு 100 ரூபாய். ஆக, பத்தாயிரம் ரூபாயோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்த எனக்கு, அவர் நீட்டிய ரசீதில் வரி மட்டும் 7,728 ரூபாய் என்று இருந்தது. அதற்குக் கீழே கூரியர் நிறுவனத்தின் சேவைக் கட்டணமும், கிடங்கில் ஆறு நாள் வைத்திருந்ததற்கான கட்டணமும் தனித்தனிப் பதிவுகளாக அச்சாகியிருந்தன. வரித்தொகை சட்டப்படி சரியானதுதான் என்பதைப் பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கிடங்குக் கட்டணம் மட்டும் தவிர்த்திருக்கக் கூடியது. விற்பவர் இன்வாய்ஸில் 'பாகங்கள்' என்ற ஒற்றைச் சொல்லை எழுதி அனுப்பியிருந்தார். என்ன பாகம், எதற்கான பாகம் என்று யாருக்கும் புரியாததால் பார்சல் நின்றுபோயிருந்தது.

அன்றிலிருந்து, அக்கம்பக்கத்தில் யார் வெளிநாட்டுப் பொருளுக்கு ஆர்டர் கொடுப்பதாகச் சொன்னாலும், பணம் செலுத்துமுன் ஒரு தாளையும் பேனாவையும் எடுக்கச் சொல்கிறேன். பார்சலோடு பயணம் செய்யும் காகிதம்தான் பொருளின் கடைசி விலையைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்பதும், அந்தக் காகிதத்தைச் சீர்செய்யும் வாய்ப்பு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பு மட்டுமே நம் கையில் இருக்கிறது என்பதும் என் உறுதியான கருத்து.

முதலில் வரி எதன்மேல் கணக்கிடப்படுகிறது என்பதைப் பார்ப்போம். பொருளின் விலை மட்டும் அடிப்படையன்று. பொருளின் விலை, இந்தியா வரை கொண்டுவரும் செலவு, காப்பீடு ஆகிய மூன்றும் சேர்ந்ததே சுங்க மதிப்பு. 2007ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகளின்படி, அனுப்பும் செலவு இவ்வளவு என்று தெரியாவிட்டால் பொருளின் விலையில் 20 சதவீதத்தையும், காப்பீடு தெரியாவிட்டால் 1.125 சதவீதத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். அதே விதிகளில் நமக்குச் சாதகமான ஒரு வரம்பும் உண்டு: விமானத்தில் வரும் பொருளுக்கு, நாம் எவ்வளவு செலுத்தியிருந்தாலும், மதிப்பில் சேர்க்கப்படும் அனுப்பும் செலவு பொருளின் விலையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2,000 ரூபாய்ப் பொருளுக்கு 3,000 ரூபாய் கொடுத்து வரவழைக்கிறவர்களுக்கு இந்த வரம்பு பெரிய உதவி. ஆனால் இன்வாய்ஸில் பொருளின் விலையும் அனுப்பும் செலவும் தனித்தனியாகக் காட்டப்பட்டிருந்தால்தான் அதைக் கேட்டுப் பெற முடியும். இரண்டையும் கலந்து ஒரே தொகையாக எழுதிவிட்டால், அந்த முழுத்தொகையும் பொருளின் விலையாகவே பார்க்கப்பட்டுவிடலாம்.

இனி விகிதம். தனிநபர் தம் சொந்த உபயோகத்துக்காகத் தபாலிலோ விமானத்திலோ வரவழைக்கும் வரிவிதிப்புக்குரிய பொருள்களுக்கென்று சுங்கக் கட்டண அட்டவணையில் 9804 என்ற தலைப்பு இருக்கிறது. சட்டையானாலும் லென்ஸானாலும் சமையல் பாத்திரமானாலும் ஒரே விகிதத்தில் முடித்துவிடுவதற்கான ஏற்பாடு இது. மருந்துகளுக்கு மட்டும் இதில் தனிப்பிரிவு உண்டு. என் லென்ஸ் வந்த காலத்தில் இந்தத் தலைப்புக்கு அடிப்படைச் சுங்க வரி 35 சதவீதம். அந்த வரியின்மேல் சமூக நலக் கூடுதல் வரி 10 சதவீதம். இவையெல்லாம் சேர்ந்த தொகையின்மேல் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி 28 சதவீதம். 10,000 ரூபாய் மதிப்புக்கு அடிப்படை வரி 3,500. கூடுதல் வரி 350. இரண்டையும் சேர்த்தால் 13,850. அதில் 28 சதவீதம் 3,878. மொத்த வரி 7,728 ரூபாய். 35, 10, 28 என்ற எண்களை நேரடியாகக் கூட்டினால் 73தான் வரும். ஆனால் ஒரு வரியின்மேல் இன்னொரு வரி ஏறி உட்காருவதால் உண்மையான சுமை 77.28 சதவீதம் ஆனது. ஆகவே விகிதங்களைக் கூட்டிப் பார்க்காமல், ஒவ்வொரு படியாகத் தொகையை எழுதிக்கொண்டே வர வேண்டும்.

அந்த விகிதங்கள் இப்போது மாறிவிட்டன. அடிப்படை வரியை 2025 பட்ஜெட் 20 சதவீதமாகக் குறைத்தது. அதை மேலும் 10 சதவீதமாகக் குறைக்கும் அறிவிப்பு 2026 பட்ஜெட்டில் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியின் 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலும் ஒழிந்து, பொருள்கள் 5, 18 சதவீத அடுக்குகளுக்குள் வந்தன. இணையத்தில் இன்னும் பழைய 77 சதவீதக் கணக்கே பரவிக் கிடக்கிறது. அதைப் பார்த்துப் பயந்து வேண்டிய பொருளைக் கைவிட்டவர்களையும் நான் அறிவேன். கணக்கின் வழிமுறையை மேலே சொன்னபடியே வைத்துக்கொண்டு, மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் இணையதளத்தில் அன்றைக்குள்ள எண்களை எடுத்துப் பொருத்திக்கொள்ளுங்கள். நாம் ஆர்டர் கொடுத்த நாளின் விகிதம் பொருந்தாது. பொருள் இந்தியா வந்து சுங்கத்தில் தாக்கலாகும் காலத்தின் விகிதமே பொருந்தும். ஆகையால் ஜனவரி இறுதியில் ஆர்டர் கொடுக்கிறவர்கள், பிப்ரவரி 1ஆம் தேதி பட்ஜெட் வருகிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. டாலரை ரூபாயாக மாற்றும் விகிதத்தையும் சுங்கத் துறையே அவ்வப்போது அறிவிக்கிறது. நம் வங்கி காட்டும் விகிதத்திலிருந்து அது சற்று மாறுபடும்.

வங்கியைப் பற்றி இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு நாணயத்தில் கடன் அட்டை மூலம் செலுத்தும்போது, பெரும்பாலான அட்டைகளில் 2 முதல் 3.5 சதவீதம் வரை மாற்றுக் கட்டணமும், அந்தக் கட்டணத்தின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். பணம் செலுத்தும் பக்கத்தில் 'ரூபாயிலேயே செலுத்தலாமா' என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லி அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். அங்கே ரூபாயாக மாற்றித் தருவதற்கு அவர்கள் வைக்கும் விலை பெரும்பாலும் நம் வங்கியின் விலையைவிடக் கூடுதலாகவே இருக்கிறது.

அடுத்தது அனுப்பும் செலவு. கூரியர் நிறுவனங்கள் தராசில் நிற்கும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்தால் வருவதை 'வால்யூமெட்ரிக் வெயிட்' என்கிறார்கள்; இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். 40 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள பெட்டிக்கு இந்த எடை 7.2 கிலோ. உள்ளே ஒன்றரைக் கிலோ பொம்மையும் மீதியெல்லாம் காற்றடைத்த உறையும் இருந்தாலும் ஏழு கிலோவுக்கு மேலான கட்டணத்தைத்தான் நாம் செலுத்துகிறோம். ஆகவே ஆர்டர் கொடுக்குமுன் விற்பவருக்கு ஒரு வரி எழுதி, பொருளைச் சிறிய பெட்டியில் கட்ட முடியுமா, கடையின் அலங்காரப் பெட்டியைத் தவிர்க்க முடியுமா என்று கேட்பது வீண் வேலையன்று. அப்படிக் கேட்டே பாதிக் கட்டணத்தை மிச்சப்படுத்திய அனுபவம் எனக்கு இரண்டு முறை உண்டு.

தபாலா கூரியரா என்று கேட்டால், அவசரமில்லாத, சிறிய, உடையாத பொருளுக்கு நான் தபாலையே பரிந்துரைப்பேன். தபாலில் வரும் பார்சல் அயலக அஞ்சல் அலுவலகத்தில் சுங்க அதிகாரியால் மதிப்பிடப்படுகிறது. தமிழ்நாட்டுக்கு வரும் பார்சல்கள் பெரும்பாலும் சென்னையில் உள்ள அலுவலகத்தின் வழியாகவே வருகின்றன. வரி இருந்தால், மதுரையில் நம் வட்டாரத் தபால்காரர் பார்சலைக் கொண்டுவரும்போது அந்தத் தொகையையும் அஞ்சல் துறையின் சிறு கட்டணத்தையும் பெற்றுக்கொண்டு ரசீது தருவார். கூரியரிலோ, நிறுவனமே நமக்காக வரியை முன்கூட்டிச் செலுத்திவிட்டு, அந்த உதவிக்கு ஒரு சேவைக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் சேர்த்து நம்மிடம் வசூலிக்கிறது. சிறு மதிப்புள்ள பொருளுக்கு இந்தச் சேவைக் கட்டணம் வரியைவிட அதிகமாகிவிடுவதும் உண்டு. கூரியரின் பலம் வேகம், கண்காணிப்பு, ஏதாவது தடங்கல் என்றால் தொலைபேசியில் பேச ஒரு மனிதர் கிடைப்பது. தபால் பார்சலுக்கும் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், நாட்டுக்குறியான இரண்டு எழுத்து என்று பதின்மூன்று குறிகள் கொண்ட கண்காணிப்பு எண் உண்டு. அந்த எண் இல்லாத மலிவான அனுப்பு முறையை விற்பவர் காட்டினால் எடுத்துக்கொள்ளாதீர்கள். காணாமற்போனால் தேடுவதற்கு வழியே இருக்காது.

சில பெரிய இணையக் கடைகள் வரியையும் சேர்த்து முன்பணமாக வாங்கிக்கொண்டு, உண்மையான வரி குறைவாக இருந்தால் மீதியைத் திருப்பித் தருகின்றன. மனநிம்மதி வேண்டுவோருக்கு அது நல்ல வழி. விற்பவரிடம் 'வரி யார் பொறுப்பு' என்று நேரடியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதிலில் டிடிபி என்ற குறி இருந்தால் வரி விற்பவர் பொறுப்பு. டிஏபி என்றால் வீட்டு வாசலில் நம் பொறுப்பு.

இப்போது காகிதத்துக்கு வருகிறேன். தபால் பார்சலின்மேல் சிஎன் 22 அல்லது சிஎன் 23 என்ற சுங்க அறிவிப்புப் படிவம் ஒட்டப்படும். சிறு மதிப்புக்கு முன்னது, அதற்கு மேற்பட்டதற்குப் பின்னது. கூரியரில் இன்வாய்ஸ் இணைக்கப்படும். இரண்டிலும் இருக்க வேண்டியவை இவை: பொருள் என்ன, எதனால் ஆனது, எதற்குப் பயன்படுவது, எத்தனை உருப்படி, ஒவ்வொன்றின் விலை எவ்வளவு, எந்த நாட்டில் தயாரானது, அனுப்பும் செலவு எவ்வளவு, பெறுபவரின் முழுப்பெயர், முகவரி, கைபேசி எண். என் லென்ஸுக்கு விற்பவர் எழுதியிருக்க வேண்டியது, 'உயிரியல் நுண்ணோக்கிக்கான 40 மடங்கு பொருளருகு லென்ஸ், கண்ணாடியும் பித்தளையும், ஒன்று, பயன்படுத்தப்பட்டது' என்பது. இத்தனையும் ஒரே வரியில் அடங்கிவிடும். அந்த ஒரு வரி இருந்திருந்தால் ஆறு நாள் கிடங்குக் கட்டணம் இருந்திருக்காது. இப்போதெல்லாம் அந்த வரியை நானே எழுதி விற்பவருக்கு அனுப்பி, அப்படியே இன்வாய்ஸில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். இதுவரை யாரும் மறுத்ததில்லை.

பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். கூரியர் நிறுவனம் கேஒய்சி ஆவணம் கேட்கும். ஆதார், பான், பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை போன்றவை ஏற்கப்படும். நம் ஊரில் தந்தை பெயரின் முதலெழுத்து ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் நிற்பதும், ஓர் அட்டையில் விரிந்தும் மற்றொன்றில் சுருங்கியும் இருப்பதும் வழக்கம். அதனாலேயே பார்சல்கள் நின்றிருக்கின்றன. எந்த அட்டையைக் கொடுக்கப் போகிறீர்களோ, அதில் உள்ள எழுத்துக்கூட்டலையே ஆர்டரிலும் கொடுங்கள். கேஒய்சி கேட்கும் செய்தி ஆர்டரில் கொடுத்த மின்னஞ்சலுக்கும் கைபேசிக்கும்தான் வரும் என்பதால், அவ்விரண்டும் நீங்கள் அன்றாடம் பார்ப்பவையாக இருக்கட்டும்.

விலையைக் குறைத்து எழுதச் சொல்லும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சில விற்பனையாளர்கள் தாமாகவே முன்வந்து, 'பத்து டாலர் என்று போட்டுவிடட்டுமா' என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்று மறுத்துவிடுங்கள். அறிவித்த விலையில் ஐயம் வந்தால், அதை நிராகரித்துத் தாமே மதிப்பிட அதிகாரிக்கு விதி இடம் தருகிறது. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தின்கீழ்ப் பொருளைப் பறிமுதல் செய்யவும் அபராதம் விதிக்கவும் வழியுண்டு. அது நடக்காவிட்டாலும், பார்சல் வழியில் தொலைந்தால் இழப்பீடு அந்தப் பத்து டாலருக்குத்தான் கிடைக்கும்.

'அன்பளிப்பு' என்று எழுதினால் வரி இல்லை என்பது பழங்கதை. 5,000 ரூபாய் வரையிலான அன்பளிப்புக்கு இருந்த சலுகை 2019 டிசம்பரில் நீக்கப்பட்டது. உயிர்காக்கும் மருந்துகளுக்கும் ராக்கிக்கும் மட்டுமே விலக்கு எஞ்சியது. சிங்கப்பூரிலிருந்து அக்கா அனுப்பும் பொருளானாலும் உரிய வரி செலுத்தித்தான் பெற வேண்டும். அதே அக்கா ஊருக்கு வரும்போது கையோடு கொண்டுவந்தால் கணக்கு வேறு. பயணிகளின் பொதிக்குத் தனி விதிகள் உண்டு; 2016ஆம் ஆண்டு விதிகள் பெரும்பாலான நாடுகளிலிருந்து வரும் இந்தியப் பயணிக்கு 50,000 ரூபாய் வரை வரிவிலக்கு அளித்தன; பதினெட்டு வயது நிறைந்தவர் ஒரு மடிக்கணினியைத் தனியாக வரியின்றிக் கொண்டுவரலாம். இந்த வரம்பும் மாறக்கூடியது என்பதால், கொழும்பிலிருந்தோ துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மதுரை விமான நிலையத்தில் இறங்கும் உறவினர், கிளம்புமுன் அன்றைய வரம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இருவரின் வரம்பைக் கூட்டி ஒரே பொருளுக்குப் பயன்படுத்த முடியாது என்பதையும் அவர்களிடம் சொல்லிவையுங்கள்.

சொந்த உபயோகம் என்ற சொல்லில்தான் பலர் இடறுகிறார்கள். முன்பு புதுமண்டபத்தில் இருந்து இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கும் தையற்கடைக்காரர் ஒருவர், எம்பிராய்டரி இயந்திரத்துக்கு ஒரு சர்க்யூட் போர்டு வரவழைக்க என்னிடம் யோசனை கேட்டார்.

"சார், என் பேருலதானே வாங்குறேன்? அப்போ அது சொந்த உபயோகம்தானே?"

"தம்பி, பேரு உங்களுதுதான். ஆனா அந்த மெஷின் கடைக்கு ஓடுது. அது தொழில்."

தொழிலுக்கான இறக்குமதி என்றால் ஐஇசி எனப்படும் இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண் வேண்டும். பயப்படும்படியான வேலையன்று, பான் எண்ணும் வங்கிக் கணக்கும் இருந்தால், வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டணத்தில் பெறலாம். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களை உறுதிசெய்துவிட வேண்டும். இதனால் வரும் நன்மை பெரியது. தொழிலுக்கு வரும் பொருளுக்கு 9804 பொருந்தாது. அந்தப் பொருளுக்கே உரிய தலைப்பின் விகிதம்தான். இயந்திரப் பாகங்கள் பலவற்றுக்கு அந்த விகிதம் குறைவாகவே இருந்துவருகிறது. அதோடு, ஜிஎஸ்டி பதிவு பெற்றவராக இருந்தால், இறக்குமதியின்போது செலுத்திய ஒருங்கிணைந்த ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, தாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு, சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் பத்திரமான பில் ஆஃப் என்ட்ரியில் அவருடைய ஜிஎஸ்டி எண் பதிவாகியிருக்க வேண்டும். அந்தத் தம்பி தனிநபராக வாங்கியிருந்தால் அந்தப் பணம் போனது போனதுதான். சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவருக்கு ஐஇசி தேவையில்லை.

கனமான பொருளைக் கடல்வழி வரவழைப்பவருக்கும் 9804 பொருந்தாது. மதுரை வட்டாரத்துக்கு அருகில் உள்ள பெரிய துறைமுகம் தூத்துக்குடி. அங்கே சுங்கத் தரகர் ஒருவரை அமர்த்தாமல் தனிநபர் காரியம் பார்ப்பது கடினம். கப்பல் கட்டணம் மலிவாகத் தெரிந்தாலும், துறைமுகக் கட்டணம், தரகர் கூலி, மதுரை வரை லாரி வாடகை மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.

சில பொருள்களை வரி கட்டினாலும் கொண்டுவர முடியாது. முழுமையாகப் பொருத்தி முடித்த டிரோன்களின் இறக்குமதி, ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில தேவைகளைத் தவிர, 2022 பிப்ரவரியிலிருந்து தடைசெய்யப்பட்டுள்ளது. மின்சிகரெட் 2019ஆம் ஆண்டிலிருந்தே கூடாது. தோட்டப் பிரியர்கள் கவனிக்க வேண்டியது: விதை, கிழங்கு, பதியன் எதுவானாலும் முன்கூட்டிய அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும். உறையில் மறைத்து அனுப்பும் விதையோடு நோயும் வரும். மல்லிகையை நம்பி வாழும் நம் வட்டாரத்தில் அந்த ஆபத்தை யாரும் இழுத்துவைக்கக் கூடாது. மருந்துக்கு மருத்துவரின் சீட்டு கட்டாயம் கையில் இருக்கட்டும்.

பொருள் பழுதாக வந்தால் என்ன செய்வது? பெட்டியைப் பிரிக்கும்போதே கைபேசியில் படம்பிடித்துவிடுங்கள். திருப்பி அனுப்புவதானால், கட்டிய வரியை மீட்கச் சுங்கச் சட்டத்தில் இடமுண்டு. பழுதான பொருளைப் பயன்படுத்தாமல் 30 நாளுக்குள் திருப்பி ஏற்றுமதி செய்தால் 26ஏ பிரிவின்கீழும், பயன்படுத்தாத பொருளை இரண்டு ஆண்டுக்குள் அனுப்பினால் 74ஆவது பிரிவின்கீழ் 98 சதவீதம் வரையும் கோரலாம். இரண்டுக்கும் சுங்க அதிகாரி முன்னிலையில், உரிய ஏற்றுமதிப் பத்திரத்தோடு அனுப்ப வேண்டும். சாதாரணமாகத் தபாலில் போட்டுவிட்டுப் பிறகு கேட்க முடியாது. சில ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்கு இந்த அலைச்சல் கட்டுபடியாகாது என்பதால், விற்பவரிடம் பாதி விலையைத் திருப்பிக் கேட்டுப் பொருளை வைத்துக்கொள்வதே பெரும்பாலும் நல்லது.

கடைசியாக, மிகவும் அக்கறையோடு ஒன்றைச் சொல்கிறேன். 'உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, இந்த இணைப்பில் 25 ரூபாய் செலுத்துங்கள்' என்று வரும் குறுஞ்செய்திகளும், 'உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது' என்று மிரட்டும் வீடியோ அழைப்புகளும் ஏமாற்று வேலை. சுங்கத் துறை யாருடைய தனிப்பட்ட கணக்குக்கும் பணம் அனுப்பச் சொல்வதில்லை. அத்துறை அனுப்பும் கடிதங்களில் டிஐஎன் என்ற ஆவண அடையாள எண் இருக்கும், அதை வாரியத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். வீட்டில் பெரியவர்களிடமும், புதிதாகக் கைபேசியில் பொருள் வாங்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லி, என்னென்ன பார்சல் எந்தக் கண்காணிப்பு எண்ணில் வரப்போகிறது என்று ஒரு தாளில் எழுதிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். அந்தத் தாளில் இல்லாத பார்சலுக்கு ஒரு ரூபாய்கூடச் செலுத்த வேண்டாம். செலுத்திவிட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.